குடத்தில் யார் பெயர் இருந்தது?

அன்புள்ள பாப்பா,

கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிற நேரத்தில் பாடத்தை மூடி வைத்துவிட்டு, உன் தோழியின் தாத்தாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அவருக்கு வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு கட்டி. ஊசி வழியாகத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ஒரு டாக்டர் மேல்பகுதி முழுவதையும் எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் அதில் ஒரு பங்கு போதும் என்கிறார். "சுண்டைக்காய் அளவு கட்டிக்கு ஏன் மாமா இத்தனை பெரிய வெட்டு? ரெண்டு பேர்ல யார் சொல்றது பொய்?" என்று கேட்டிருக்கிறாய்.

யார் சொல்வதும் பொய் இல்லை. ஒருவர் 1995-இல் வந்த பாடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மற்றவர் 2022-இல் வந்ததைப் படித்திருக்கிறார். ஆனால் புதிதாக வந்ததாலேயே இரண்டாமவர் சொல்வது இந்தத் தாத்தாவுக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாதே. அதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் உறுப்பைப் பார். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு நுரையீரலை மூச்சுக்குழலோடு கேட்டு வாங்கி, குழலுக்குள் சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார். (உன் அம்மா திட்டினால் மாமா சொன்னதாகச் சொல்.) வெளிர் ரோஜா நிறத்தில் உப்பிக்கொண்டு வரும். நடுநடுவே ஆழமான பிளவுகள் தெரியும். அப்படிப் பிளவுகளால் பிரிந்து நிற்கும் ஒவ்வொன்றும் ஒரு கதுப்பு; டாக்டர்கள் லோப் என்பார்கள். மனிதருக்கு வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு. உன் புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். கதுப்புக்குள்ளும் பங்குகள் உண்டு. ஒவ்வொரு பங்குக்கும் தனி மூச்சுக்கிளை, தனி ரத்தக்குழாய். அதற்கு செக்மென்ட் என்று பெயர். வலது மேல் கதுப்பில் மூன்று, நடுவில் இரண்டு, கீழே ஐந்து. ஆனால் நுரையீரலை எவ்வளவுதான் உற்றுப் பார்த்தாலும் ஒரு செக்மென்ட் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கதுப்புக்கு இயற்கையே வேலி போட்டிருக்கிறது, செக்மென்ட்டுக்குப் போடவில்லை. அறுவை மருத்துவரின் பாதிப் பாடு அந்த இல்லாத வேலியைக் கண்டுபிடிப்பதுதான்.

ஆக, வெட்டில் நான்கு அளவு உண்டு. ஒரு பக்க நுரையீரல் முழுவதும், ஒரு கதுப்பு, ஒரு செக்மென்ட், அல்லது எந்த எல்லையும் பார்க்காமல் கட்டியைச் சுற்றி ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கும் வெட்ஜ்.

கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதாதா என்று கேட்பாய். நுரையீரலில் ஊறும் நிணநீர் மூச்சுக்கிளைகளை ஒட்டியே நுரையீரலின் வேர்ப்பகுதிக்கும், அங்கிருந்து நெஞ்சின் நடுப்பகுதிக்கும் வடிகிறது. வழியில் ஆங்காங்கே நிணநீர் முடிச்சுகள். கட்டியிலிருந்து கழன்ற செல்கள் முதலில் போய் உட்காருவது அங்கேதான். கதுப்பையே எடுத்தால் அந்த வடிகாலில் ஒரு நீளமும் சேர்ந்து வந்துவிடும். வெட்ஜ் எடுத்தால் பெரும்பாலும் வராது. செக்மென்ட் இரண்டுக்கும் நடுவில்.

இந்த வெட்டு காலப்போக்கில் எப்படிச் சுருங்கி வந்தது என்பதே ஒரு கதை. 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை மருத்துவர், ஜேம்ஸ் கில்மோர் என்ற நோயாளியின் நெஞ்சைத் திறந்தார். கில்மோரும் ஒரு டாக்டர்தான், பிரசவ மருத்துவர். ஒரு கதுப்பை எடுக்கலாம் என்று உள்ளே போன கிரகாம், கட்டி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் எடுத்தார். புற்றுநோய்க்காக அப்படி எடுத்து ஆள் பிழைத்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு பல வருடம், நுரையீரல் புற்றுநோய் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டும் என்பதுதான் விதி. 1950 வாக்கில் பாஸ்டனில் எட்வர்ட் சர்ச்சில் குழுவினர், கதுப்பை மட்டும் இழந்தவர்கள் ஒரு பக்கத்தையே இழந்தவர்களைவிடக் குறைவாக வாழவில்லை என்று காட்டினார்கள். விதி ஒரு படி இறங்கியது. அதே 1950-இல்தான் கிரகாமும் எர்ன்ஸ்ட் விண்டர் என்ற இளைஞரும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பெரிய ஆய்வாக வெளியிட்டார்கள். தொடக்கத்தில் அதை நம்பாத கிரகாம், தானே புகைப்பவர், அப்புறம் விட்டுவிட்டார். ஆனால் 1957-இல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். ஒரு நுரையீரலோடு இருந்த கில்மோர் அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்.

கதுப்பு வெட்டு போதும் என்றானதும், அதையும் குறைக்கலாமே என்ற ஆசை வருவது இயல்பு. செக்மென்ட் வெட்டு புற்றுநோய்க்காகப் பிறந்தது இல்லை. 1939-இல் அதே சர்ச்சிலும் ரொனால்ட் பெல்சியும் அதை எழுதியது, மூச்சுக்கிளை விரிந்து சீழ் கட்டும் நோய்க்காக. நம் பக்கத்திலும் நெஞ்சு அறுவையை வளர்த்தது காசநோய்தான். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியமும், வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நாற்பதுகளின் கடைசியில் தொடங்கிய நெஞ்சு அறுவைப் பிரிவும் முதன்மையாக அந்த நோயோடுதான் மல்லுக்கட்டின. ஆனால் கேன்சரில் சின்ன வெட்டு போதுமா என்பதை ஆசையை வைத்து முடிவு செய்ய முடியாது. அதற்கு ஆள் சேர்த்து, குலுக்கல் போட்டுப் பார்க்க வேண்டும்.

குலுக்கல் என்றதும் நம் ஊர்ப் பெண் நீ சிரித்திருப்பாய். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரை எத்தனை முறை பார்த்திருப்பாய்! முதலாம் பராந்தகன் காலத்து, 919-ஐயும் 921-ஐயும் ஒட்டிய கல்வெட்டுகள். ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க, குடும்பு எனும் ஊர்ப் பகுதி வாரியாகப் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். கையில் எதையும் ஒளித்து மாற்றிவிடக் கூடாது பார்! மருத்துவ ஆய்விலும் நோக்கம் அதுதான். எந்த நோயாளிக்கு எந்த வெட்டு என்பதை டாக்டர் தேர்ந்தெடுத்தால், தெம்பாக இருப்பவருக்கு ஒன்றும் தளர்ந்தவருக்கு மற்றொன்றும் போய்ச் சேரும். கடைசியில் வெட்டின் பலனைப் பார்க்கிறோமா, உடம்பின் பலனைப் பார்க்கிறோமா என்றே தெரியாது. அதனால் சீட்டு முடிவு செய்கிறது.

ஆனால் கல்வெட்டில் நம் பள்ளிக்கூட மேடைகள் வேகமாகத் தாண்டிப் போகும் பகுதி ஒன்று இருக்கிறது. குடத்தில் யார் பெயரைப் போடலாம் என்பது. வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. வேதக் கல்வி. மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவனும், கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் கூடாது. பெண்கள் பெயர் இல்லை, நிலமில்லாதவர் பெயர் இல்லை. உலகின் முதல் ஜனநாயகம் என்று மார்தட்டுகிறவர்களிடம் எனக்குப் பெரிய சண்டை இல்லை. குலுக்கல் நேர்மையானது, ஆனால் அது குடத்துக்குள் இருந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசும். மருத்துவ ஆய்வைப் படிக்கும்போது நீ முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: குடத்தில் யார் பெயர் இருந்தது?

இப்போது 1995-க்கு வா. அமெரிக்காவிலும் கனடாவிலும் எண்பதுகளில் ஆள் சேர்த்த ஆய்வு, கின்ஸ்பெர்க், ரூபின்ஸ்டைன் இருவரும் எழுதியது. மூன்று சென்டிமீட்டர் வரை கட்டி உள்ளவர்கள், 247 பேர். பாதிப் பேருக்குக் கதுப்பு வெட்டு, பாதிப் பேருக்குச் சின்ன வெட்டு. சின்ன வெட்டில் நோய் அதே இடத்தில் திரும்பி வந்தது ஏறக்குறைய மூன்று மடங்கு. முடிந்தது, அடுத்த கால் நூற்றாண்டுக்குக் கதுப்பு வெட்டே சட்டம். முதல் டாக்டர் சொல்வது இதைத்தான். ஆனால் குடத்தைத் திறந்து பார். மெல்லிய அடுக்காகப் படமெடுக்கும் சி.டி.யும் பெட் ஸ்கேனும் புழக்கத்துக்கு வராத காலம். மூன்று சென்டிமீட்டர் கட்டியும் ஒரு சென்டிமீட்டர் கட்டியும் ஒரே குடத்தில். சின்ன வெட்டு என்ற பெயரில் செக்மென்ட்டும் வெட்ஜும் கலந்து கிடந்தன.

ஜப்பானியர்கள் 2009 முதல் 2014 வரை வேறு குடம் வைத்தார்கள். 70 மருத்துவமனைகள், 1106 நோயாளிகள். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், நுரையீரலின் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். இதில் இன்னொரு சமாச்சாரம் உண்டு. சி.டி.யில் சில கட்டிகள் அடர்த்தியாக வெள்ளையாக இருக்கும். சில, பின்னால் ஓடும் ரத்தக்குழாய் தெரிகிற அளவுக்கு மங்கலான படலமாக இருக்கும். பல கட்டிகளில் இரண்டும் கலந்திருக்கும். மங்கல் அதிகம் என்றால் நோய் சாது. அடர்த்தி அதிகம் என்றால் ஊடுருவும் குணம் கொண்டது. பாதிக்கு மேல் அடர்த்தியான கட்டிகளையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெட்ஜ் கிடையாது. கதுப்பு, அல்லது ஒழுங்கான செக்மென்ட்.

2022-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் செக்மென்ட் குழுவில் 94.3 சதவீதம், கதுப்புக் குழுவில் 91.1. குறைவாக வெட்டப்பட்டவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள்! நெஞ்சு அறுவைக்காரர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த நாள் அது. ஆனால் அதே தாளில் இன்னொரு வரி: அதே பக்கத்தில் நோய் திரும்பியது செக்மென்ட்டில் 10.5 சதவீதம், கதுப்பில் 5.4. ஏறக்குறைய இரு மடங்கு. அப்படியானால் ஏன் கூடுதலாகப் பிழைத்தார்கள்? கதுப்பு இழந்தவர்களில் நுரையீரல் கேன்சர் அல்லாத வேறு நோய்களால், வேறு கேன்சர்களால் இறந்தவர்கள் அதிகம். மிச்சம் வைத்த நுரையீரல் பின்னால் வந்த நோய்களைத் தாங்க உதவியது என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவை வைத்துப் பார்த்தால், ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் 3.5 சதவீதம்தான். 10 சதவீதமாவது இருக்கும் என்று அவர்களே எதிர்பார்த்திருந்தார்கள். அவ்வளவு சின்ன வித்தியாசம் உயிரைக் காப்பாற்றியது என்றால், எப்படி என்பதை இன்னும் யாராவது சரியாக விளக்க வேண்டும்.

அடுத்த வருடமே அமெரிக்கர்கள் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். நாசர் அல்டோர்கி தலைமையில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவின் 83 மையங்கள். இதில் எனக்குப் பிடித்த இடம், சீட்டு எடுத்த நேரம். ஆபரேஷன் தியேட்டரில், நெஞ்சைத் திறந்து, நிணநீர் முடிச்சுகளை எடுத்து, அப்போதே உறைய வைத்துச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அவற்றில் கேன்சர் இல்லை என்று உறுதியான பிறகே சீட்டு. பதிவு செய்தவர்கள் 1080 பேர், சீட்டு வரை போனவர்கள் 697 பேர். மற்றவர்களில் சிலருக்குக் கட்டி கேன்சரே இல்லை. சிலருக்கு, ஸ்கேனில் தெரியாமல் முடிச்சில் நோய் உட்கார்ந்திருந்தது. இத்தனை பேர் குடத்தின் வாசலிலேயே திரும்பினார்கள் என்பதைக் குறித்துக்கொள். ஸ்கேன் சொல்வதற்கும் உள்ளே இருப்பதற்கும் இடைவெளி இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் சின்ன வெட்டில் 80.3 சதவீதம், கதுப்பு வெட்டில் 78.9. வித்தியாசம் இல்லை என்றே கொள்ளலாம். இங்கே சின்ன வெட்டில் பாதிக்கு மேல் வெட்ஜ்.

ஜப்பானில் 90-க்கு மேல், அமெரிக்காவில் 80-ஐ ஒட்டி. அறுவை மருத்துவர்களின் கைத்திறன்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஜப்பானியக் குடத்தில் சிகரெட்டே தொடாதவர்கள் நிறைய, மங்கல் கலந்த கட்டிகள் நிறைய. அமெரிக்கக் குடத்தில் பெரும்பாலோர் புகைத்தவர்கள். புகை இதயத்தையும் கெடுத்திருக்கும். ஆள் வேறு, கட்டியும் வேறு.

நம்மவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் இல்லை. எனவே நம் ஊர்த் தாத்தாவின் நெஞ்சுக்குள் என்ன வேறுபாடு என்று பார்க்க வேண்டும். உலகின் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசநோய் ஆறிய இடத்தில் தழும்பு நிற்கும். நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நிணநீர் முடிச்சுகள் சுண்ணாம்பேறிக் கல்லாகி ரத்தக்குழாயைக் கட்டிப் பிடித்திருக்கும். செக்மென்ட் வெட்டில் அந்த மெல்லிய தமனிக் கிளையைத்தான் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். முடிச்சு அதோடு ஒட்டியிருந்தால், கிளை கிழிந்து ரத்தம் பீய்ச்சும். செக்மென்ட் என்று எழுதி வைத்துக்கொண்டு உள்ளே போய், அப்படி ஒரு முடிச்சைப் பார்த்ததும் கதுப்பு வெட்டுக்கு மாறுகிற மருத்துவரைக் கோழை என்று சொல்லாதே. நான் அவரையே தேர்ந்தெடுப்பேன்.

காசநோய் இன்னொரு குழப்பமும் செய்கிறது. வீங்கிய முடிச்சு பெட் ஸ்கேனில் கேன்சர் மாதிரியே ஒளிரும். ஒளிர்கிறது என்பதற்காக நோய் பரவிவிட்டது என்று கைவிட்டாலும் தப்பு. இங்கே எல்லாம் டி.பி.தான் என்று அலட்சியமாக விட்டாலும் தப்பு. மூச்சுக்குழல் வழியாக அல்ட்ராசவுண்ட் குழாயை இறக்கி ஊசியால் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இது தலைகீழாக நடப்பதும் உண்டு. கேன்சர் நிழலை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து, நோய் முற்றிய பிறகு வருவது. நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கடிதத்தின் கேள்வியே எழுவதில்லை. ஒன்றரை சென்டிமீட்டரில் கண்டுபிடித்தது அந்தத் தாத்தாவின் அதிர்ஷ்டம்.

தியேட்டருக்குள் என்ன நடக்கும் என்று ஒரே ஒரு காட்சி சொல்கிறேன், டாக்டராகும் ஆசை இன்னும் இருக்கிறதல்லவா? எடுக்க வேண்டிய செக்மென்ட்டின் தமனியை முதலில் கட்டி வெட்டிவிடுவார்கள். பிறகு கைச் சிரை வழியாக இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் செலுத்துவார்கள். விளக்கைக் குறைத்து, அகச்சிவப்புக் கேமராவைத் திருப்பினால் நுரையீரல் முழுக்கப் பச்சையாக மின்னும். ரத்தம் போகாத அந்த ஒரு பங்கு மட்டும் இருட்டாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத எல்லை திரையில் கோடாக விழும். அது கொஞ்ச நேரம்தான், சாயம் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்குள் எல்லையை மின்கருவியால் பொட்டுப் பொட்டாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேமரா இல்லாத இடத்தில், மூச்சுக்கிளையை அடைத்து, அந்தப் பங்கு மட்டும் உப்பியிருக்க மற்றது சுருங்குவதைப் பார்த்துக் கோடு போடுவார்கள். வெட்டின் ஓரத்துக்கும் கட்டிக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டராவது, இல்லாவிட்டால் கட்டியின் விட்டம் அளவாவது நல்ல சதை இருக்க வேண்டும். கட்டி ஆழத்தில், செக்மென்ட்டின் எல்லையை ஒட்டி இருந்தால் அந்த இடைவெளி கிடைக்காது. அப்போது எந்த ஆய்வையும் மேற்கோள் காட்டிப் பயனில்லை, கதுப்பைத்தான் எடுக்க வேண்டும்.

தாத்தா எவ்வளவு தாங்குவார் என்பதும் கணக்கில் உண்டு. ஊதச் சொல்லிப் பார்க்கும் கருவி இருக்கிறது. படியேறச் சொல்வதும் பழைய, நம்பகமான வழி. நடுவில் நிற்காமல் 22 மீட்டர் உயரம் ஏறிவிட்டால் கதுப்பு வெட்டைத் தாங்குவார் என்பது பொதுக் கணக்கு. முடியாதவருக்கு வெட்ஜ். அதுவும் முடியாது என்றால், குறிபார்த்துச் செலுத்தும் கதிர்வீச்சு.

எல்லாம் பொருந்தி வந்தால் நான் செக்மென்ட் பக்கம்தான் சாய்வேன்: இரண்டு சென்டிமீட்டருக்குள், வெளிப்பக்கம், முடிச்சு சுத்தம் என்று தியேட்டரிலேயே பார்த்தாகிவிட்டது, ஓரம் கிடைக்கிறது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. திரும்பி வருவது 10.5 என்றாலும் உயிர் போகவில்லை என்று ஜப்பானியர்கள் சொல்ல முடிந்ததற்கு, திரும்பியதை வேளையோடு பிடித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களின் நோயாளிகள் தேதி தவறாமல் ஸ்கேனுக்கு வந்தார்கள். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ செங்கல்பட்டுக்கோ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சென்னை என்றால் ஒரு முழு நாள் போய்விடும். வலி இல்லை, இருமல் இல்லை, நடவு நேரம். ஸ்கேனுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கூட ஒரு ஆளையும் இழுத்துக்கொண்டு, தவணை தவறாமல் ஐந்து வருடம் எத்தனை பேர் பஸ் ஏறுவார்கள்? வரமாட்டார் என்று தெரிந்த நோயாளிக்குக் கதுப்பையே எடுத்துவிடுவது நியாயமா, இல்லை அவர் வருவதற்கு வழி செய்துவிட்டுச் செக்மென்ட் எடுப்பது நியாயமா? பணியில் இருந்த காலத்தில் இதை நான் ஆளுக்கு ஆள் வேறு விதமாகத்தான் முடிவு செய்தேன். உன் தோழியின் வீட்டில் யார் அவரை அழைத்துக்கொண்டு போவார்கள் என்று கேட்டு எழுது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுபோகாமல், சி.டி. ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் எடுத்துப்போகச் சொல். கட்டியின் அடர்த்தி எவ்வளவு, மங்கல் எவ்வளவு என்பதை மெல்லிய அடுக்குப் படங்களில்தான் அளக்க முடியும்.

உன்,
மாமா